மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால்

1

எங்கள் வீட்டில் நான் அதிகமாகப் போன் போட்டது அம்மாவுக்கு இல்லை, அப்பாவுக்கும் இல்லை. வயலில் இருக்கிற போர்வெல் மோட்டாருக்குத்தான். சிரிக்காதீர்கள். பின்லாந்தில் தம்பெரே என்கிற ஊரில், விடியாத பனிக்காலக் காலையில், ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சமையலறையில் நின்று, பூதலூர்ப் பக்கம் ஒரு கொட்டகைக்குள் இருக்கும் மோட்டாருக்கு மணி அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மணி போனதும் வைத்துவிடுவேன். அது எடுத்துப் பேசாது. எடுத்தால்தான் பயம்.

நான் இந்த நாட்டில் வந்து இறங்கிய நாள் போன வாரம் மறுபடி வந்துபோனது. ஒவ்வொரு வருஷமும் அன்றைக்கு என் கணவர் ஒரு கேக் வாங்கி வருவார். மகள் ஜெனி அதில் கிரீமை மட்டும் வழித்துத் தின்பாள். வந்து என்னத்தைக் கிழித்தோம் என்று நான் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்பேன். இந்த வருஷம் கணக்கே குழம்பிவிட்டது. அன்று காலையில் நடந்த ஒரு சின்ன விஷயம்தான் காரணம். அதை நேராகச் சொன்னால் உங்களுக்குப் புரியாது. எனக்கே முழுசாகப் புரியவில்லை. அதனால் மோட்டாரிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

எங்கள் வயல் வீட்டிலிருந்து நல்ல தூரம். ஆற்றுத் தண்ணீர் முறை வைத்துத்தான் வருகிறது. எங்கள் முறை வராத நாட்களுக்கு போர்வெல். மும்முனை மின்சாரம் ஒரு வாரம் காலையில் வரும், மறு வாரம் மத்தியானத்துக்கு மேல் வரும். வந்த நேரத்தில் ஓடிப்போய் மோட்டாரைப் போட வேண்டும். தம்பி ஆல்பர்ட் காலையும் மாலையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அப்பாவுக்கு முழங்கால் வலி. இதைப் பார்த்துவிட்டு, போன லீவில் நான்தான் தஞ்சாவூரில் ஒரு பெட்டி வாங்கி மாட்டிவிட்டு வந்தேன். அதற்குள் ஒரு சிம் கார்டு இருக்கும். பதிந்து வைத்த எண்ணிலிருந்து ஒரு மிஸ்டு கால் போனால், நின்றிருக்கிற மோட்டார் ஓடும். மறுபடி ஒரு மிஸ்டு கால் போனால், ஓடுகிற மோட்டார் நிற்கும். அவ்வளவுதான். காசு செலவில்லை. மிஸ்டு காலிலேயே பாதிக் குடித்தனம் நடத்துகிற குடும்பம் எங்களுடையது. எல்லாருக்கும் பிடித்துப்போனது.

போட்டேன், நிறுத்தினேன் என்று பதில் செய்தி அனுப்புகிற பெட்டியும் கடையில் இருந்தது. "ஓடினாப் போதாதா, பதில் வேற பேசணுமா" என்று நானே அதை வேண்டாம் என்றேன். என் எண்ணைத் தலைமை எண்ணாகப் பதிந்தார்கள். மற்றவர்களின் எண்ணைச் சேர்ப்பது, நீக்குவது எல்லாம் நான் அனுப்பும் செய்தியால் மட்டுமே முடியும். அப்பா எண்ணையும் ஆல்பர்ட் எண்ணையும் சேர்த்துவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்ட பெருமையோடு விமானம் ஏறினேன்.

2

இங்கே என் வேலை என்ன என்று அம்மா கேட்டால் கம்ப்யூட்டர் என்பேன், அம்மாவும் விட்டுவிடுவாள். உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நான் அடைந்த வெட்கம் புரியாது.

கைபேசியில் ஒரு படம் பார்க்கிறீர்கள் என்றால் அது நேரே உங்களிடம் வந்துவிடுவதில்லை. நடுவில் நெட்வொர்க்கில் பலர் நிற்கிறார்கள். கெட்டதைத் தடுக்கிற காவல்காரன், முகவரியை மாற்றி எழுதுகிறவன், கூட்டத்தைப் பல வழிகளில் பிரித்துவிடுகிறவன், எவ்வளவு போயிற்று என்று எண்ணுகிறவன். முன்பெல்லாம் இவர்கள் ஆளுக்கு ஒரு இரும்புப் பெட்டி. இப்போது எல்லாம் மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்து ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துவிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் தங்கம். கோத்துப் பார்த்தால் ரகளை. முகவரி மாற்றுகிறவனை முன்னால் நிறுத்திக் காவல்காரனைப் பின்னால் நிறுத்தினால், காவல்காரன் கண்ணில் படுவது மாற்றிய முகவரிதான். நல்லவனைத் தடுத்துவிட்டு வேறு யாரையோ உள்ளே விடுவான். இரண்டு பேரும் அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள். யாரைப் போய்த் திட்டுவது?

இதற்காகவே ஒரு நிரல் மொழி செய்கிறோம் எங்கள் குழுவில். அந்த மொழியில் எழுதுகிற ஒவ்வொரு மென்பொருளும், தான் எதைப் படிக்கும், எதை மாற்றும், எதை நினைவில் வைத்திருக்கும் என்று முதலிலேயே வாயைத் திறந்து சொல்லியாக வேண்டும். சேர்த்துக் கோக்கும்போது ஒன்றின் வேலை இன்னொன்றைக் கெடுக்குமா என்று, எழுதியதைக் கணினிக்கு மொழிபெயர்க்கிற கம்பைலர் பார்த்துச் சொல்லும். இதில் என் பங்கு ஒரே ஒரு விதி. ஒரு மென்பொருள் நடுவில் விழுந்துவிட்டால் அதன் இரட்டை எழுந்து வேலையை எடுத்துக்கொள்ளும். அப்போது கடைசியாக வந்த செய்திகள் மறுபடி ஒருமுறை அதற்குக் கொடுக்கப்படும். ஆகவே ஒரே செய்தி இரண்டு தரம் வந்தாலும் பலன் ஒன்றாகவே இருக்க வேண்டும். 'போடு' என்றால் சரி. எத்தனை தரம் சொன்னாலும் போட்டது போட்டபடி இருக்கும். 'நிறுத்து' என்றாலும் சரி. 'இப்போது எப்படி இருக்கிறதோ அதற்கு நேர்மாறாக்கு' என்று ஒருவன் எழுதினால், கம்பைலர் சிவப்பு எழுத்தில் திட்டி வெளியே தள்ளும். அந்தத் திட்டை எழுதியவள் நான்.

உங்களுக்குப் புரிந்துவிட்டது. எனக்கு அப்போது புரியவில்லை. வேலையில் போட்டுக்கொள்கிற மூளையைக் கோட்டோடு கழற்றி ஆபீஸ் ஆணியில் மாட்டிவிட்டு வருகிறேனோ என்னவோ.

3

இந்த சம்பாவுக்கு ஆல்பர்ட் நாற்று விடவில்லை. முழு வயலிலும் நேரடி விதைப்பு. அப்பாவைக் கேட்கவில்லை. நடவு ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுப்படியாகவில்லை, ஊரில் பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள் என்பது அவன் கட்சி. "நாத்து விட்டு நடாத வயலும் ஒரு வயலா" என்பது அப்பா கட்சி. மாதா கோயிலில் பூசை முடிந்து வெளியே வரும்போது யாரோ அப்பாவிடம், "என்ன, ஒங்க வயல்ல காக்காவுக்குத் தீனி எறைச்ச மாதிரி இருக்கு" என்று கேட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து அப்பா ஆல்பர்ட்டிடம் பேசுவதை நிறுத்திவிட்டார். அவனும் சளைக்கவில்லை, நிறுத்திவிட்டான்.

ஒரே வீடு. ஒருவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் இன்னொருவர் வந்து உட்காருவார். நடுவில் அம்மா.

அப்பா என்னிடம் சொன்னது இது: "இந்தப் போகம் மட்டும் வெளங்கலேன்னா நெலத்தக் குத்தகைக்கு விட்டுட்டு நான் நிம்மதியா ஒக்காந்துருவேன். அந்தப் பய துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போவட்டும். சொல்லிடு அவன்கிட்ட."

நான் ஆல்பர்ட்டிடம் சொன்னது இது: "அப்பா பயிரைப் பத்திக் கொஞ்சம் கவலைப்படுறாருடா."

ஆல்பர்ட் சொன்னது: "கவலையா? நான் தோத்துப்போவணும்னு ஜெபமாலை சொல்லிக்கிட்டிருக்காரு. நானும் பாஸ்போர்ட்டு எடுத்து வச்சிட்டேன், சொல்லிடு."

நான் அப்பாவிடம் சொன்னது: "ஆல்பர்ட் கவனமாத்தான்ப்பா இருக்கான்."

இப்படி ஒரு பக்கம் வாங்கி, முகவரியை மாற்றி, மறு பக்கம் கொடுத்துக்கொண்டிருந்தேன். சண்டை பெரிதாகாமல் நான்தான் காப்பாற்றுகிறேன் என்று நினைப்பு. உண்மையில் எனக்கு ஒரே ஒரு பயம்தான். ஆல்பர்ட் கிளம்பிவிடக் கூடாது. நானே கிளம்பி வந்தவள், அவன் மட்டும் ஏன் கிளம்பக் கூடாது என்று ஜெனி ஒருநாள் கேட்டாள். பின்லாந்து மொழியில்தான் கேட்டாள், இப்போதெல்லாம் அவளுக்குக் கோபமும் சந்தேகமும் அந்த மொழியில்தான் வருகின்றன. நான் தமிழில் பதில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டேன்.

4

கதிர் வந்து பால் பிடிக்கிற நேரம். அப்போது வயல் காய்ந்தால் நெல்லுக்குப் பதில் பதர்தான் மிஞ்சும். அந்தச் சமயம் பார்த்து மோட்டார் விளையாட ஆரம்பித்தது. காலையில் போட்டுவிட்டுப் போவார்கள், மாலையில் போய்ப் பார்த்தால் வாய்க்கால் ஈரம்கூட இல்லை. ஒரு நாள் நன்றாக ஓடும், மூன்று நாள் ஓடாது.

ஆல்பர்ட் படம் அனுப்பினான். வயல் பாளம் பாளமாக வெடித்திருந்தது.

"அக்கா, நான் வேன் எடுக்கறதுக்கு முன்னாடி மிஸ்டு கால் குடுத்துட்டுத்தான் போறேன். யாரோ நிறுத்துறாங்க. யாருன்னு நான் சொல்லணுமா?"

"டேய், அப்பா அப்படிச் செய்வாராடா?"

"வயலு காஞ்சா அவருதான ஜெயிப்பாரு."

அப்பாவிடம் பக்குவமாகக் கேட்டேன். அவர் பக்குவமெல்லாம் பார்க்கவில்லை.

"நான் தெனமும் கரண்டு வந்த ஒடனே போட்டுடறேம்மா. அவன்தான் நிறுத்திடறான். அப்பன் போட்ட தண்ணி அவன் பயிருக்கு ஆவாதாம். பயிர் செத்தாலும் பரவாயில்ல, வீம்புதான் முக்கியம்."

இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்கள் இல்லை. இரண்டில் ஒன்றுதான் உண்மையாக இருக்க முடியும். அப்படியானால் யாரை நம்புவது? ஒரு நாள் அப்பா மேல் சந்தேகம் வரும், மறுநாள் ஆல்பர்ட் மேல். பெற்ற அப்பனைச் சந்தேகப்பட்டுவிட்டு ஆபீஸில் போய் யுக்காவோடு காபி குடித்தேன். யுக்கா எங்கள் குழுத் தலைவர், அதிகம் பேசாதவர். என் முகத்தைப் பார்த்து, கம்பைலரா, வீடா என்று கேட்டார். இரண்டும் என்றேன். காபியை இன்னும் கொஞ்சம் ஊற்றினார். பின்லாந்துக்காரர்கள் ஆறுதல் சொல்வது அப்படித்தான்.

பெட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, திருக்காட்டுப்பள்ளியிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். அவர் பார்த்துவிட்டு, "பொட்டி தங்கம்மா. நீங்க சொன்னதத்தான் அது செய்யுது" என்றார். நானும் விடவில்லை. வயல் காய்கிறது என்று ஊரிலிருந்து செய்தி வரும் நாளிலெல்லாம், எதற்கும் இருக்கட்டும் என்று இங்கிருந்து நானே மோட்டாருக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்தேன்.

5

எங்கள் அடுக்குமாடி வீட்டில் நீளமான நடை ஒன்று உண்டு. அதில் ஒரே விளக்கு. இந்தக் கோடியில் ஒரு சுவிட்ச், அந்தக் கோடியில் ஒரு சுவிட்ச். எதை அமுக்கினாலும் விளக்கு மாறும். பனிக்காலத்தில் ஜெனி பள்ளிக்குப் போகிற நேரத்தில் இங்கே வெளிச்சமே இருக்காது.

ஒரு நாள் காலை நான் சமையலறைப் பக்கம் சுவிட்சை அமுக்கினேன். அதே நொடியில் அவள் அறைப் பக்கம் அவள் அமுக்கினாள். விளக்கு கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. ஏதோ கோளாறு என்று நான் மறுபடி அமுக்கினேன். அவளும் அமுக்கினாள். மறுபடி இருட்டு.

"அம்மா, நீங்க சும்மா இருங்க! நான் போடறேன்!"

"நீ சும்மா இருடி! நான்தான் போட்டுக்கிட்டிருக்கேனே!"

இருட்டில் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். வெகு நாளைக்குப் பிறகு ஒரே சமயத்தில் ஒரே காரணத்துக்காகச் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே எனக்கு மோட்டார் நினைவு வந்தது. சுவரில் சாய்ந்து நின்றுவிட்டேன்.

அட மக்கே! நான் எழுதிய விதி. நானே எழுதிய திட்டு.

உடனே அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மாவுக்குத் தனி போன் கிடையாது, அப்பாவின் போன்தான்.

"அம்மா, மோட்டாருக்கு யார் யாரு மிஸ்டு கால் குடுக்கறீங்க?"

"ஒன் தம்பி குடுப்பான். ஒங்கப்பா குடுப்பாரு."

"அப்பறம்?"

"அவரு குடுத்தாரோ மறந்துட்டாரோன்னு நானும் சில நாளு இந்தப் போனுல ஒண்ணு குடுப்பேன். ஏண்டி, தப்பா?"

"தப்பில்லம்மா."

தப்பில்லைதான். ஆல்பர்ட் போட்டான். அவனோடு பேசாத அப்பா, அவன் போட்டது தெரியாமல் தாமும் போட்டார், மோட்டார் நின்றது. அம்மா போட்டாள், ஓடியது. கடல் தாண்டி எங்கோ இருக்கிற நானும் அக்கறையோடு ஒன்று போட்டேன், நின்றது. நிறுத்தியவர் யாருமே இல்லை. போட்டவர்கள்தான் நாலு பேர். பயிர் மேல் அக்கறை ஒருத்தருக்குக் குறைவாக இருந்திருந்தால்கூட வயல் நனைந்திருக்கும்.

6

இதைச் சொன்னால் இரண்டு பேரும் சமாதானமாகிவிடுவார்கள் என்று நினைத்தேன். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப அவனக் குடுக்க வேணாம்னு சொல்லு" என்றார். ஆல்பர்ட்டிடம் சொன்னேன். "அப்ப அவரக் குடுக்க வேணாம்னு சொல்லு" என்றான். சந்தேகத்துக்குக் காரணம் போய்விட்டது, சந்தேகம் மட்டும் அப்படியே இருந்தது. எப்படி?

ஒரே எண்தான் பெட்டியில் இருக்க வேண்டும். யாருடையது? நிலம் அப்பாவுடையது. பயிர் ஆல்பர்ட்டுடையது. ஒருவர் எண்ணை நீக்கினால், இங்கே உனக்கு வேலையில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னது மாதிரி ஆகும். அம்மாவைக் கேட்டால், "ஆள விடுடி தாயே, எனக்கு வேணாம் இந்த வம்பு" என்றுவிட்டாள். பல நாள் முடிவெடுக்க முடியவில்லை. சோறு வேகிறதா என்று பார்க்க மூடியைத் திறந்து, எதற்குத் திறந்தோம் என்று மறந்துபோய் நின்றிருக்கிறேன்.

கடைசியில் வேலையில் செய்வதையே செய்தேன். எங்கள் துறையில் இம்மாதிரிச் சிக்கலுக்கு ஒரு சுலப வழி உண்டு. எல்லா முடிவையும் நடுவில் ஒரே ஆளிடம் கொடுத்துவிடுவது. அப்பா எண்ணையும் ஆல்பர்ட் எண்ணையும் நீக்கினேன். "இனிமே நான்தான் போடுவேன், நான்தான் நிறுத்துவேன். ரெண்டு பேரும் எங்கிட்டச் சொல்லுங்க" என்றேன். இரண்டு பேரும் ஒத்துக்கொண்டார்கள். மற்றவர் எண்ணும் போயிற்று என்கிற சந்தோஷத்தில் ஒத்துக்கொண்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது.

கொஞ்ச நாள் அருமையாக நடந்தது. வயலில் வெடிப்பு மூடியது. கதிர் தலை சாய்ந்தது. தம்பெரேயில் உட்கார்ந்துகொண்டு வெண்ணாற்றுக் கரையில் நெல் விளைவிக்கிறேன் என்று எனக்கு ஒரு திமிர்கூட வந்தது.

பிறகு குடிவரவு அலுவலகத்தில் அனுமதி அட்டையைப் புதுப்பிக்கிற நாள் வந்தது. அதிகாலையில் மோட்டாரைப் போட்டுவிட்டுப் போனேன். கதிர் முற்றுகிற நேரம், லேசாக நனைத்தால் போதும் என்று ஆல்பர்ட் சொல்லியிருந்தான். அலுவலகத்திலிருந்து வந்ததும் நிறுத்திவிடலாம் என்று கணக்கு. அங்கே கோட்டை வெளியே மாட்ட வேண்டும். மாட்டினேன். போன் கோட்டுப் பையில். ஜன்னலில் இருந்த பெண் பின்லாந்து மொழியில் நீளமாக ஏதோ கேட்டாள். நம் ஊரில் யார் எது சொன்னாலும் 'ம்' கொட்டுவோம் இல்லையா, கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். அந்தப் பழக்கத்தில் ஆமாம் ஆமாம் என்று தலையை ஆட்டிவைத்தேன். கைரேகையைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாமா, காத்திருக்க முடியுமா என்று கேட்டிருக்கிறாள். நானும் தாராளமாகச் சம்மதித்திருக்கிறேன். எல்லாரும் போன பிறகு என்னைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்து கோட்டை எடுத்தபோது அது அதிர்ந்துகொண்டிருந்தது.

7

குரல் செய்திகள். முதலாவது ஆல்பர்ட்.

"அக்கா, எங்கக்கா இருக்க? மோட்டாரு ஓடிக்கிட்டே இருக்காம். பக்கத்து வயல்காரரு அறுப்புக்குத் தண்ணிய வடிச்சு வச்சிருக்காரு. நம்ம தண்ணி அங்க எறங்கிடுச்சுன்னா அறுப்பு மிஷினு எறங்காது. நிறுத்துக்கா!"

அடுத்தது அப்பா. மூச்சு வாங்கியது. "ரீட்டா, தண்ணி வரப்புத் தாண்டுதாம்மா. நான் வயலுக்குப் போறேன்."

அந்த முழங்காலோடு. பனியில் நின்றபடியே மோட்டாருக்கு மிஸ்டு கால் கொடுக்கப் போனேன். அதற்குள் யாராவது கையால் நிறுத்தியிருந்தால்? நான் கொடுக்கிற கால் அதை மறுபடி ஓட வைத்துவிடுமே! ஓடுகிறதா நின்றதா என்று தெரியாது. பதில் சொல்லாத பெட்டி. விரலைத் திரைக்கு மேலே வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாமல் நின்றேன். அந்த மாதிரி நான் என் வாழ்நாளில் குழம்பியதில்லை.

மூன்றாவது செய்தி ஆல்பர்ட்டின் எண்ணிலிருந்து. ஆனால் குரல் அப்பாவுடையது. என்னிடம் பேசத்தான் பதிவை அமுக்கியிருக்கிறார், அமுக்கிவிட்டு என்னை மறந்துவிட்டார்.

"ரீட்டா, மோட்டார நிறுத்தியாச்சு, நீ ஒண்ணும்... டேய், அங்க வெட்டாதடா! மூலையில வெட்டு, மூலையில!"

தூரத்தில் ஆல்பர்ட்: "தெரியுதுப்பா! நீங்க வரப்புல நிக்காதீங்க, வழுக்கும்!"

"நான் வழுக்கறது இருக்கட்டும். மம்புட்டிய இப்படிக் குடு."

"நீங்க போன மட்டும் பிடிச்சிக்கிட்டு நில்லுங்கப்பா. சேத்துல போட்டுறாதீங்க."

"பிடிச்சிக்கிட்டுத்தான இருக்கேன். வடியுது பாரு, வடியுது பாரு... இன்னுங் கொஞ்சம் ஆழமா."

மண்வெட்டிச் சத்தம். தண்ணீர்ச் சத்தம். பக்கத்து வயல்காரர் கத்துகிற சத்தம். இரண்டு பேரும் சேர்ந்து அவருக்குப் பதில் கத்துகிற சத்தம். அதோடு முடிந்துவிட்டது.

மாதா கோயில் வாசல் பேச்சுக்குப் பிறகு அவர்கள் ஒருவருக்கொருவர் பேசிய முதல் பேச்சு அது. என் வழியாக வரவில்லை, நான் எதையும் மாற்றிக் கொடுக்கவில்லை. பேருந்து நிறுத்தத்தில் நின்று அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். கேட்டு அழுதேன். சந்தோஷமா, வெட்கமா என்று யாராவது கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். என் பேருந்து வந்துவிட்டுப் போனதையும் நான் பார்க்கவில்லை.

மாலையில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஆல்பர்ட், "சரிக்கா, விடு. இனிமே நாங்க பாத்துக்கறோம்" என்றான். அப்பாவும் அதேதான் சொன்னார், ஏறக்குறைய அதே வார்த்தையில். அதற்குப் பிறகு யாரும் என்னிடம் மோட்டாரைப் போடச் சொல்லவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை. அவனிடம் சொல்லு, அவரிடம் சொல்லு என்றும் யாரும் சொல்லவில்லை. அழைத்தால் எல்லாரும் அவசரத்தில் இருந்தார்கள்.

ஆபீஸில் யுக்கா ஒரு பிழையைச் சரிசெய்து முடித்திருந்தார். மென்பொருள்களைக் கோத்த நீளமான சங்கிலி ஒன்று பல வாரமாகக் கம்பைலரைத் தாண்டாமல் இருந்தது. எப்படிச் சரியாயிற்று என்று கேட்டேன். நடுவில் ஒன்று தேவையில்லாமல் எல்லாவற்றையும் மாற்றி எழுதிக்கொண்டிருந்தது, எடுத்துவிட்டேன், இப்போது ஓடுகிறது என்றார். நல்ல செய்தி என்றேன். எனக்கு அன்று மத்தியானம் சாப்பாடு இறங்கவில்லை.

8

போன வாரம், நான் இங்கே வந்து இறங்கிய அந்த ஆண்டு நாள். காலையில் எழுந்து, சமையலறையில் நின்று, தூக்கக் கலக்கத்தில் கை தானாகவே மோட்டார் எண்ணை அமுக்கிவிட்டது. மோட்டாரைப் போடுவது இனி என் வேலையில்லை என்பது அந்த நேரத்தில் நினைவில் இல்லை. ஒரு மணி. இரண்டு மணி. வைக்கப் போனேன்.

மோட்டார் எடுத்துவிட்டது.

"அலோ? யாரு?"

போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையில் எண்ணைப் பார்த்தேன். பிறகுதான் குரல் பிடிபட்டது.

"அம்மா? நீ எப்படிம்மா?"

"ஆமாண்டி, நான்தான். ஒங்கப்பாவும் தம்பியும் ஒரே வண்டியில திருக்காட்டுப்பள்ளிக்குப் போயி வேற பொட்டி வாங்கியாந்துட்டாங்க. போடறதுக்கு ஒண்ணு, நிறுத்தறதுக்கு ஒண்ணுன்னு தனித்தனியா இருக்காம். பதிலும் சொல்லுதாம். அதுக்குப் புது சிம்மு. பழைய சிம்மு வீணாக் கெடக்குதேன்னு ஒரு பட்டன் போனுல போட்டு எங்கிட்டக் குடுத்துட்டாங்க. எனக்குன்னு ஒரு போனு. எப்படி?"

"ஏம்மா எங்கிட்டச் சொல்லல?"

"நீ வருத்தப்படுவேன்னு ரெண்டு பேரும் சொல்ல வேணாம்னாங்க."

ரெண்டு பேரும்.

பயிர் எப்படி என்று கேட்டேன். அடுத்த வாரம் அறுப்பாம். காய்ந்த பக்கம் பதர் அதிகம், மற்றது பரவாயில்லை. குத்தகைப் பேச்சை அப்பா எடுக்கவில்லையாம். அடுத்த போகம் பாதி நடவு, பாதி விதைப்பு என்று ஒருவர் சொல்ல, எந்தப் பாதி என்று மற்றவர் கேட்க, தினமும் சாப்பாட்டு நேரத்தில் ஒரே கூச்சலாம். "ரெண்டு பேருக்கும் ஒண்ணாச் சோறு போட்டு, ஒண்ணாத் திட்டு வாங்கறேன். மாதாவே, முன்னாடியே தேவல" என்றாள் அம்மா. சந்தோஷமாக இருக்கும்போதுதான் அப்படி அலுத்துக்கொள்வாள்.

எல்லாம் நன்றாக இருக்கிறது. நான் கேட்டதும் இதுதான், தம்பி ஊரில் இருக்க வேண்டும், இரண்டு பேரும் பேச வேண்டும். இரண்டும் கிடைத்துவிட்டன. பின் ஏன் தண்ணீர் கொதித்து வழிந்தும் அடுப்பைக்கூட அணைக்காமல் அப்படி நின்றேன்? என்னை விடுவித்தார்களா, எடுத்துவிட்டார்களா? இதை எழுதி முடிக்கும்போதும் தெரியவில்லை. உங்களில் வெளியூரில் இருக்கிறவர்கள் யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள்.

நடையின் அந்தக் கோடியில் ஜெனி சுவிட்சைப் போட்டாள். வெளிச்சம் வந்தது. நான் என் பக்கத்துச் சுவிட்சைத் தொடவில்லை.

"என்னடி பேச்சக் காணும்?" என்றாள் அம்மா. "மோட்டாருக்குத்தான போட்ட? சொல்லு, போடவா, நிறுத்தவா?" என்று கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.

"ஒண்ணும் வேணாம்மா" என்றேன். "சும்மாதான். நீ பேசு."